பியோனின் கோட்டும் எங்கள் ஊர் அவசரப் பிரிவும்

பிப்ரவரி 17

இன்று முதல் பிரசாரம். காலை ஏழு மணிக்கே ஊதாக் கட்சியின் லாரி வந்து சந்தை முனையில், சரியாக என் சலவைக் கடைக்கு எதிரே நின்றுகொண்டது. வெள்ளைக் கையுறை போட்ட எட்டுப் பெண்கள் ஆடினார்கள். பாட்டின் சாரம் இதுதான்: அதிபர் நாம்குங் ஐந்து வருடம் நாட்டை நன்றாக வைத்திருந்தார், வேட்பாளர் பியோன் அதை அப்படியே வைத்திருப்பார்.

அப்படியே வைத்திருப்பார் என்பதுதானே எங்கள் பயம்.

சட்டப்படி நாம்குங் இன்னொரு முறை நிற்க முடியாது. அதனால் தன் நிழலுக்குக் கோட்டு மாட்டி நிறுத்தியிருக்கிறார்.

பிப்ரவரி 19

மாலைச் செய்தியில் அதிபர். "கிராமப்புற மருத்துவத்தைப் பலப்படுத்தினோம்" என்றார். உண்மைதான். எங்கள் ஊர் மருத்துவமனையில் அவசரப் பிரிவின் கதவுக்குப் போட்ட பூட்டு நல்ல பலமானது.

அந்தப் பூட்டுக்கு உத்தரவு போட்ட சுகாதார அமைச்சர்தான் இந்த பியோன். போன வருடத்துக்கு முந்தின வருடம் அக்டோபரில். பூட்டிய ஒன்பதாம் நாள் மதியம், இஸ்திரி போட்டுக்கொண்டிருந்த என் கணவர் துஷிக் மேசையைப் பிடித்தபடியே சரிந்தார். மலைப்பாதை தாண்டி அடுத்த நகரத்துக்கு ஆம்புலன்ஸில் ஒரு மணி பத்து நிமிடம். அங்கிருந்த டாக்டர் இளைஞர், பொய் சொல்லத் தெரியாதவர். "பக்கவாதம். அரை மணி நேரம் முன்னாடி வந்திருந்தா கையைக் காப்பாத்தியிருக்கலாம்" என்றார்.

வலது கை போனது. பேச்சில் பாதி போனது. இப்போது இஸ்திரி நான் போடுகிறேன். அவர் இடது கையால் துணிகளில் எண் சீட்டைக் கோக்கிறார். முப்பத்தோரு வருடம் அவர் மடித்த சட்டைக் கழுத்து இந்த ஊரில் யாருக்கும் வராது. எனக்கும் வரவில்லை.

பிப்ரவரி 22

பியோன் பண்ணையில் மாட்டுக்குப் புல் ஊட்டும் படம் பத்திரிகையில். மாடு முகத்தைத் திருப்பிக்கொண்டிருக்கிறது. மாட்டுக்கும் ஓட்டுரிமை கொடுக்கலாம்.

பிப்ரவரி 27

எங்கிருந்து ஆரம்பிப்பது.

சந்தை நாள். பியோன் வந்தார். கேமராக்களுக்கு நடுவே நின்று காரக் குழம்பில் வெந்த அரிசித் துண்டுகளான தொக்பொக்கியைச் சாப்பிட்டார், கசப்பு மாத்திரை விழுங்குகிறவர் மாதிரி. கூட்டம் நெருக்கியதில் கடைக்காரி கரண்டியோடு சாய்ந்துவிட்டாள். அந்தச் சிவப்புக் குழம்பு முழுவதும் அவர் கோட்டின் மார்பில். நான் வாசலில் நின்று பார்த்தேன். சிரித்தேன் என்றே எழுதிவைக்கிறேன்.

ஐந்து நிமிடத்தில் அவருடைய உதவியாளன் அந்தக் கோட்டோடு கண்ணாடிக் கதவைத் தள்ளிக்கொண்டு வந்தான்.

"முதலாளியம்மா, இருபது நிமிஷத்துல மேடை. எப்படியாவது இதை…"

பின்னாலேயே பியோன், வெறும் சட்டையோடு. கேமராக்காரர்களை வெளியே நிறுத்திக் கதவைச் சாத்திவிட்டார்கள். அமர இடமில்லை. நீல பிளாஸ்டிக் முக்காலியைத் தள்ளினேன். தொங்கிக்கொண்டிருந்த ஊரார் கோட்டுகளுக்குக் கீழே, தலையில் ஒரு பாவாடை உரச, நாட்டின் வருங்காலம் உட்கார்ந்தது.

ஒன்றரை வருடமாகச் சொல்லிச் சொல்லிப் பழகி வைத்திருந்தேன், இந்த ஆளை நேரில் பார்த்தால் என்னவெல்லாம் கேட்பேன் என்று. கேட்டது இதுதான்: "காபி கலக்கட்டுமா?" அதுவும் இரண்டு பொட்டலம் போட்டு. வெட்கமாக இருக்கிறது.

கறையில் மருந்து தடவிக்கொண்டிருந்தபோது அவர் துஷிக்கைப் பார்த்தார். "உடம்புக்கு என்ன ஆச்சு?"

துஷிக் வாயைத் திரட்டிச் சொன்னார். "அரை… மணி."

அவருக்குப் புரியவில்லை. நான் புரியவைத்தேன். இஸ்திரிப் பெட்டியை வைத்துவிட்டு, தேதியோடு, ஒன்பது நாளோடு, மலைப்பாதையோடு எல்லாவற்றையும் சொன்னேன். என் குரல் உயரவே இல்லை. ஏன் உயரவில்லை என்று இப்போதும் தெரியவில்லை.

உதவியாளன், "ஐயா, நேரமாச்சு" என்றான். பியோன் கையைக் காட்டி அவனை நிறுத்தினார்.

"மூடக்கூடாதுன்னு ரெண்டு தடவை எழுதினேன்மா. ரெண்டு தடவையும் அதிபர் மாளிகையிலேர்ந்து திரும்பி வந்துச்சு. செலவு குறைஞ்சதாக் காட்டணும்னாங்க. மூணாவது தடவை கையெழுத்துப் போட்டுட்டேன்."

"எந்தக் கையால?"

அவர் தன் வலது கையைப் பார்த்தார். அந்தக் கையில் நான் கொடுத்த காபி இருந்தது.

கோட்டைக் கொடுத்தேன். கறை இருந்த இடமே தெரியவில்லை. பியோன் துஷிக்கின் முன்னால் குனிந்து வணங்கினார், கேமராவுக்குக் குனிவதைவிட அதிக நேரம். போகும்போது உதவியாளன் என் காதருகே வந்து, "இங்க பேசினது இங்கயே இருக்கட்டும் முதலாளியம்மா" என்றான்.

நான் சரி என்று சொல்லவில்லை. இல்லை என்றும் சொல்லவில்லை.

பிப்ரவரி 28

சொல்லிவிட்டேன். ஒரு நாள்கூடத் தாங்கவில்லை.

எங்கள் பச்சைக் கட்சியின் உள்ளூர்ச் செயலாளர் குவாக், சின்ன வயதிலிருந்தே என்னை அக்கா என்று கூப்பிடுகிறவன். கேட்டதும் நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டான்.

"அக்கா, தேர்தலே உன் இஸ்திரி மேசை மேல கிடக்குது. ஒரு வீடியோ. ரெண்டு நிமிஷம் போதும்."

"எடுத்தா அவசரப் பிரிவைத் திறப்பீங்களா?"

"நம்ம வேட்பாளர் யாங் ஜெயிச்சா திறக்காம வேற என்ன வேலை அவருக்கு?"

துஷிக்கைப் பார்த்தேன். அவர் தலையை ஆட்டினார். வேண்டாமாம்.

"பாவம்" என்றார், பியோனை.

பாவமா? உங்க கை பாவமில்லையா? நான் பாவமில்லையா? — கத்திவிட்டேன். குவாக்கிடம் நாளைக்கே வா என்றேன்.

மார்ச் 2

வீடியோ வெளிவந்துவிட்டது. நல்ல சட்டை போட்டிருக்கலாம்.

மார்ச் 3

ஊதாக் கட்சி என்னைப் பொய்க்காரி என்கிறது. ஒரு யூடியூப் ஆள் என் கடைக்கு வெளியே நின்று இதைச் சலவைக் கடை நாடகம் என்று முழங்கினான். அதிபர் மாளிகை "அப்படி எதுவும் நினைவில் இல்லை" என்று அறிக்கை விட்டிருக்கிறது. ஐந்து வருடத்தில் அவர்கள் சொன்னதில் நான் முழுமையாக நம்பியது இது ஒன்றைத்தான்.

மார்ச் 4

கடைசித் தொலைக்காட்சி விவாதம். கடையை ஆறு மணிக்கே சாத்திவிட்டு உட்கார்ந்தோம். குவாக்கும் வந்திருந்தான், பொரித்த கோழியோடு.

நம் யாங் கேட்டார்: "சலவைக் கடை அம்மா சொன்னது பொய்யா?"

பொய் என்று சொல்ல ஒரு வினாடி போதும். சாட்சி யார்? நானும், பேச வராத ஒரு மனிதரும், பியோனின் சம்பளத்தில் இருக்கும் ஒரு பையனும். பியோன் தண்ணீர் குடித்தார். கண்ணாடியைக் கழற்றி மறுபடி போட்டுக்கொண்டார்.

"உண்மை. அந்தம்மா சொன்னபடியே சொன்னேன். கையெழுத்துப் போட்டதும் நான்தான்."

குவாக் குதித்தான், கோழி கீழே விழுந்தது. "முடிஞ்சான், ஆளு முடிஞ்சான்" என்று யார் யாருக்கோ போன் செய்தான்.

துஷிக் திரையைப் பார்த்தபடியே, "சொன்…னான்" என்றார். அவ்வளவுதான்.

நான் சந்தோஷப்பட்டிருக்க வேண்டும். பட்டேன் என்றுதான் நினைக்கிறேன். இந்த ஆள் ஏன் ஒரு பொய்யைச் சொல்லித் தொலைக்கவில்லை? ஐந்து வருடமாக அந்தக் கட்சியில் இருந்தவருக்கு அதுகூடவா வரவில்லை?

மார்ச் 7

நேற்றுவரை பியோனை அடுத்த அதிபர் என்ற ஊதாக்காரர்கள் இன்று துரோகி என்கிறார்கள். அதிபர் நாம்குங் அவரோடு எடுத்த படங்களை எல்லாம் கட்சி அலுவலகத்திலிருந்து கழற்றிவிட்டார்களாம். சுவரில் சதுரம் சதுரமாக வெளுப்பு தெரியுமே, அதற்கு என்ன பூசுவார்கள்?

சந்தைக்கு யாங் வந்தார். பச்சைக் கடலாக இருந்தது தெரு. குவாக் என்னை முன்னால் இழுத்துக்கொண்டு போனான். யாங் என் கையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். கதகதப்பான, கிரீம் தடவிய கைகள்.

"நீங்க நாட்டையே காப்பாத்திட்டீங்கம்மா."

"எங்க அவசரப் பிரிவைத் திறப்பீங்களா?"

"கண்டிப்பா நல்ல முறையில பரிசீலிப்போம்."

நான் கையை விடவில்லை. "திறப்பீங்களா, மாட்டீங்களா?"

அவர் சிரித்துக்கொண்டே என் தோளுக்கு மேலே அடுத்த கையைத் தேடினார். பச்சை ஜாக்கெட் பையன் ஒருவன் என்னை மென்மையாக நகர்த்தினான். மிகவும் மென்மையாக.

மார்ச் 11

நம் ஆள் ஜெயித்துவிட்டார். குவாக் என் கடை வாசலில் அழுதான். நானும் கொஞ்சம் அழுதேன்.

மே 30

யாங் பதவியேற்று மூன்று வாரம். ஒன்றுமில்லை. மழை. துணி காயவில்லை.

ஜூன் 20

நான் அனுப்பிய மனுவுக்குச் சுகாதார அமைச்சகத்தின் பதில். ஒன்றே கால் பக்கம். முந்தைய அரசு செய்த தவறுகளை ஆராய்கிறார்களாம். நிதி நிலைமையாம். நல்ல முறையில் பரிசீலிக்கிறார்களாம். நாம்குங் காலத்தில் வந்த பதிலையும் எடுத்துப் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். வித்தியாசம் இருக்கிறது, இல்லையென்று சொல்லமாட்டேன். காகிதம் இப்போது கொஞ்சம் தடிமன்.

ஆகஸ்ட் 8

குவாக்குக்கு மாகாணக் குழுவில் பதவி. புதுக் கோட்டைக் கொண்டுவந்து கை நீளத்தைக் குறைக்கச் சொன்னான். அவசரப் பிரிவைப் பற்றிக் கேட்டேன். "அக்கா, பதவிக்கு வந்து மூணு மாசம்தானே ஆச்சு" என்றான். நாம்குங்குக்கு நான் மூன்று மாதம் கொடுத்தேனா என்று யோசித்துப் பார்த்தேன். மூன்று நாள்கூடக் கொடுக்கவில்லை.

செப்டம்பர் 16

தபாலில் தடித்த உறை. அனுப்பியவர் பெயர் பியோன்.

உள்ளே அவர் அதிபர் மாளிகைக்கு எழுதிய இரண்டு கடிதங்களின் நகல். இரண்டாவதில் எங்கள் ஊருக்கென்றே ஒரு பக்கம்: நான்கு மருத்துவர்களை முறை வைத்துப் போட்டால் அவசரப் பிரிவை மூடாமல் நடத்தலாம், எப்படி என்று படிப்படியாக. மேலே கையால் எழுதிய ஒரு சீட்டு: "இதை அப்போதே வெளியே சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. இப்போதாவது உங்களுக்கு உதவலாம்."

மன்னிப்பு என்ற சொல் இல்லை. தேடிப் பார்த்தேன்.

திட்டுவதற்கு ஏதாவது கிடைக்கும் என்று மூன்று முறை படித்தேன். எழுத்து கோணல். அவ்வளவுதான் கிடைத்தது.

செப்டம்பர் 18

குவாக்கிடம் காட்டினேன். நின்றபடியே படித்தான். முகம் சுருங்கியது.

"அக்கா, இது இப்ப வெளிய போனா நம்ம யாங்குக்குத்தான் அடி. நாலு டாக்டர் போதும்னு தெரிஞ்சும் ஏன் திறக்கலன்னு கேப்பாங்க."

"நானும் அதைத்தான் கேக்கறேன்."

"நீ எந்தக் கட்சி அக்கா?"

"நீ போட்டிருக்கற கோட்டைக் கழட்டு. கை இன்னும் நீளமா இருக்கு, சரி பண்ணித் தர்றேன்."

கழற்றவில்லை. போய்விட்டான்.

அக்டோபர் 7

இன்று சந்தை நாள். கடை வாசலில் மடக்கு மேசை போட்டோம். இரண்டு கடிதங்களின் நகலை அட்டையில் ஒட்டி வைத்தேன். பக்கத்தில் அவசரப் பிரிவைத் திறக்கக் கேட்டு ஒரு கையெழுத்து நோட்டு. மேலே யாருக்கு என்று எழுத வேண்டுமே: மாண்புமிகு அதிபர் யாங் அவர்களுக்கு. ஐந்து வருடமாக ஊதாக் கட்சி அதிபரைத் திட்டித்தான் பழக்கம். சொந்த அதிபரைத் திட்டுவது புதுச் செருப்பு மாதிரி, எல்லா இடத்திலும் கடிக்கிறது.

முதல் கையெழுத்து துஷிக். இடது கையால், ஒவ்வோர் எழுத்தாக. எழுதி முடிக்கும்வரை பின்னால் ஆறு பேர் வரிசையில் காத்து நின்றார்கள்.

ஊதாக் கட்சிப் பையன் ஒருவன் போனோடு வந்தான். "முதலாளியம்மா, ஒரு வீடியோ, ரெண்டு நிமிஷம் போதும்." முதலில் கையெழுத்துப் போடு என்றேன். மேலே கேட்டுச் சொல்கிறேன் என்று போனவன் திரும்பவில்லை.

அக்டோபர் 12

மூடும் நேரத்தில் குவாக் வந்தான். மூன்று வாரமாகத் தெருவின் எதிர்ப்பக்கமாகவே நடந்துகொண்டிருந்தவன். சவரம் செய்யாத முகம்.

"அம்மாவுக்கு நேத்து நெஞ்சு வலி, அக்கா. காருலயே கூட்டிட்டுப் போனேன். மலைப்பாதையில லாரி ஒண்ணு முன்னால போய்ட்டே இருந்துச்சு. முந்தவே முடியல."

"இப்ப எப்படி இருக்காங்க?"

"இருக்காங்க."

கோட்டிலிருந்த பச்சைப் பேட்ஜைக் கழற்றிப் பைக்குள் போட்டான். நோட்டை எடுத்தான். என்னிடம் ஒரு வாக்கியம் தயாராக இருந்தது, மூன்று வாரமாகத் தீட்டி வைத்த வாக்கியம். அவனுக்கென்றே செய்தது.

அதைச் சொல்லவில்லை. பேனாவின் மூடியைக் கழற்றிக் கொடுத்தேன். துஷிக் நீல முக்காலியைக் காலால் அவன் பக்கம் தள்ளினார்.