மழித்த முகம்

என் அருமை அத்தான்,

மில்லில் நூல் சுற்றும் ரீலிங் வேலை முடித்து வந்து அப்படியே உட்கார்ந்துவிட்டேன். ஒரே அலுப்பு. நீங்கள் போன பிறகு இந்த அலுப்பு தூங்கினாலும் தீர்வதில்லை. ஆனாலும் இன்றைய சேதியை உங்களுக்குச் சொல்லாமல் எப்படிப் படுப்பது?

நான் மாசமாக இருந்தபோது மழித்த முகத்தோடு லீவில் வந்து நின்றீர்களே, ஞாபகமிருக்கிறதா? உங்கள் அம்மா வாசலிலேயே மறித்தார்கள்.

"வயித்துப் பிள்ளைக்காரிய வச்சுக்கிட்டு எவனாவது செரைப்பானா, லே?"

நீங்கள் சிரித்தீர்கள். "விஷப்புகையத் தடுக்கிறதுதான் எங்க பட்டாளத்துக்குச் சோலி. தாடி இருந்தா முகமூடி ஒட்டாது. புகை உள்ள போயிரும். பொறவு நான் எங்க இருக்கிறது?"

சண்டை முழுக்க அந்தப் புகை வரவேயில்லை. முகமூடி மாட்டிப் பழகினீர்கள், விஷம் பட்டால் போக்குவதற்கு பிளீச்சிங் பவுடர் போட்டு வண்டி கழுவிப் பழகினீர்கள், காத்திருந்தீர்கள். சும்மா சோறு தின்னும் பட்டாளம் என்று செட்டியார்பட்டி வரைக்கும் கேலி. சமாதானம் வந்த பிறகு, நம் பக்கமே சேர்த்து வைத்திருந்த விஷப் பீப்பாய்களைக் கடலில் தள்ளப் போன இடத்தில் ஒன்று ஒழுகி உங்களைக் கொண்டுபோனது.

வயிற்றில் இவள் இருக்கும்போது செரைத்ததால்தான் செத்தான் என்று அத்தை முடிவு கட்டிவிட்டார்கள். நீங்கள் பார்க்காத நம் மகள் நடக்கவே பழகிவிட்டாள். அத்தை அவளை ஒரு தடவைகூடத் தூக்கவில்லை.

இன்று மடவார் வளாகம் ஊரிலிருந்து உங்களோடு பட்டாளத்தில் இருந்தவர் வந்தார். அத்தைக்கு எதிரே தரையில் உட்கார்ந்தார்.

"அப்ப என் வீட்டுக்காரியும் மாசமா இருந்தாம்மா. சண்டைதான் முடிஞ்சுபோச்சேன்னு நான் தாடி விட்டேன். பீப்பா ஒழுகுனப்ப எனக்கு முகமூடி ஒட்டல, மூச்சு முட்டிக் கப்பலுக்குள்ளயே விழுந்துட்டேன். ஒங்க மகன்தான் வந்து தூக்குனாரு. அவரு முகமூடி நல்லாத்தான் ஒட்டியிருந்துச்சு. என்னயத் தோள்ல போட்டுக்கிட்டு ஒழுகுன பீப்பாயத் தாண்டி வந்ததுல அவரு துணியெல்லாம் விஷத்துல நனைஞ்சு, தோல் வழியா ஏறிருச்சு."

"ஒம் பிள்ள எப்படி இருக்கு?" என்றார்கள் அத்தை.

"நல்லாருக்காம்மா."

அத்தை அழுதார்கள். எனக்குக் கோபம்தான் வந்தது அத்தான். அவர் பிள்ளைக்கு அப்பா இருக்கிறார், என் பிள்ளைக்கு? ஆனாலும் இலை போட்டேன். உங்கள் கையால் பிழைத்தவரை எப்படிப் பசியோடு அனுப்புவது?

அவர் போனதும் அத்தை கண்ணைத் துடைத்துக்கொண்டு உள்ளே பார்த்துச் சொன்னார்கள்: "ஏட்டி, எம் பேத்திய இங்க கொண்டா."

கூச்சமே இல்லாமல் மடியில் ஏறிக்கொண்டாள். இப்போதும் அங்கேதான் தூங்குகிறாள்.

அப்பா முகம் எப்படி இருக்கும் என்று ஒருநாள் கேட்பாள். மழமழவென்று மழித்த முகம், நம்மிடம் திரும்பி வருவதற்காக மழித்த முகம் என்று மறைக்காமல் சொல்வேன்.

உங்கள் மாமன் மகள்,
உங்கள் மகளின் தாய்.