மூன்றாம் ஞாயிறு

ஊரிகம்
6-1-2025

கர்த்தருக்குள் பிரியமான பியூலாவுக்கு,

என் நம்பரை நீ பிளாக் செய்து வைத்திருப்பதால் தபாலில் எழுதுகிறேன். நலம்தானே?

ஏப்ரலில் ஜாம்பியா போகிறேன். நம் சபை அனுப்பும் மருத்துவக் குழுவில் நர்ஸாக, மூன்று வாரத் தொண்டு. நாங்கள் போவது ஒரு செப்புச் சுரங்க ஊர். நம் தங்கச் சுரங்கத்தில் வேலை பார்த்த என் அப்பாவைப் போலக் கல்தூசி தின்று மூச்சு வாங்குகிறவர்கள் அங்கேயும் இருக்கிறார்களாம். இத்தனை வருஷம் பெங்களூர் ரயிலை விட்டால் நான் எதில் ஏறினேன்? இப்போதே பெட்டி வாங்கிவிட்டேன்.

சபை வழக்கம் உனக்குத் தெரியும். கல்யாண ஓலை மாதிரியே, வெளிதேசம் ஊழியத்துக்குப் போகிறவர்கள் பெயரையும் மூன்று ஞாயிறு வாசிப்பார்கள். தடை சொல்ல யாராவது எழுந்தால் பெயர் நின்றுவிடும். பத்தொன்பதாம் தேதி முதல் வாசிப்பு. பழையதை மனதில் வைக்காதே பியூலா.

உன்
ஸ்வீட்டி

பாலகாட்
11-1-2025

ஸ்வீட்டிக்கு,

பழையது என்று ஒரே வார்த்தையில் முடித்துவிட்டாய். நான் முழுசாகச் சொல்கிறேன். 2001. கோயிலில் எனக்கும் ஆஸ்டினுக்கும் மூன்றாம் ஓலை வாசிப்பு. எனக்குத் துணைப்பெண்ணாக வர வேண்டிய நீ எழுந்து நின்றாய். "அவருக்குப் பங்காருபேட்டைல ஏற்கெனவே ஒரு பொஞ்சாதி கீறா" என்றாய். அவன் அம்மா அவமானம் தாங்காமல் அவனை அழைத்துக்கொண்டு சென்னைக்கே போய்விட்டாள். அப்படி ஒருத்தி இல்லவே இல்லை என்று தெரிவதற்குள் அவனுக்கு வேறு இடத்தில் கல்யாணம் ஆகிவிட்டது. யாரோ சொன்னதை நம்பிவிட்டேன் என்றாய் நீ. அந்த யாரோ யார் என்று இன்றுவரை சொல்லவில்லை.

மூன்று ஞாயிறும் வருகிறேன். முதல் பெஞ்சில் உட்காருவேன். எழுவேனா, மாட்டேனா என்று நீயே யோசித்துக்கொண்டிரு.

பியூலா

ஊரிகம்
27-1-2025

அன்புள்ள பியூலா,

நேற்று இரண்டாம் வாசிப்பில் நீ பாதி எழுந்து புடவையைச் சரிசெய்துகொண்டு உட்கார்ந்தாய். வேண்டுமென்றேதான் செய்தாய்.

ஒரு வாய் சோறு இறங்கவில்லை. "இன்னாமே, ஏரோப்ளேன் ஏறதுக்கு முன்னாடியே போய் சேந்துடுவ போலக்குதே" என்று வீட்டுக்காரர் சுந்தரராஜ் கேலி செய்கிறார். அவருக்கு எதுவும் தெரியாது.

உன் வீட்டுக்கு வருகிறேன். காலில் விழச் சொன்னால் விழுகிறேன். சபை நடுவில் மட்டும் வேண்டாம்.

ஸ்வீட்டி

பாலகாட்
30-1-2025

ஸ்வீட்டிக்கு,

என் வீட்டில் வந்து நீ பொய் சொல்லவில்லை. கோயிலில் சொன்னாய்.

பியூலா

பாலகாட்
5-2-2025

ஸ்வீட்டிக்கு,

இப்போதாவது திருப்தியா என்று கேட்டு எழுதியிருக்கிறாய். இல்லை.

ஞாயிற்றுக்கிழமை நான் எழுந்தது தடை சொல்லத்தான். வாய் திறக்கவில்லை, அதற்குள் நீயே அலறிவிட்டாய். "நான் சொன்னது பொய்தாங்க! யாரும் எங்கிட்ட சொல்லல. ஆஸ்டின் என்னைத் திரும்பிக்கூடப் பாக்கலன்ற வயித்தெரிச்சல்ல நானே கட்டிவுட்டேன்!" இருபத்துநான்கு வருஷமாக இதைக் கேட்கத்தான் காத்திருந்தேன். கேட்ட பிறகும் ஆத்திரம் அடங்கவில்லை. என் வாழ்க்கை உன் வயிற்றெரிச்சலுக்குத்தானா போயிற்று?

கமிட்டி உன் பெயரை எடுத்துவிட்டது. "அந்த எடத்துக்கு ஒரு நர்ஸ் வேணுமே, இன்னா பண்றது?" என்று செயலாளர் ஏனோக் கவலைப்பட்டார். நான் போகிறேன் என்றேன். நானும் உன் கூடவே நர்சிங் படித்தவள்தானே? பாஸ்போர்ட்டும் கையில் தயாராக இருக்கிறது. உன் முதல் கடிதம் வந்த மறுநாளே எழுதிப்போட்டேன். உன்னை எனக்கு அவ்வளவு நன்றாகத் தெரியும்.

உன் அப்பாவைப் போல மூச்சு வாங்குகிறவர்களை நினைத்துக் கவலைப்படாதே. நன்றாகவே பார்த்துக்கொள்வேன்.

வருகிற ஞாயிறு என் பெயருக்கு முதல் வாசிப்பு. இருபத்துமூன்றாம் தேதி மூன்றாவது. அன்றைக்கு நீ வந்தே ஆக வேண்டும். முதல் பெஞ்சில் உனக்கு இடம் போட்டு வைக்கிறேன். தடை உண்டா என்று பாஸ்டர் கேட்பார். என் பெயர் ஒரு தடவையாவது அந்தக் கோயிலில் முழுசாக வாசித்து முடிக்கப்படுவதை, நீ வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்து கேட்க வேண்டும்.

பியூலா