கிணறு படுக்கிற நேரம்

வைகாசி 7, செவ்வாய்

காலையில் மனோகரி குசினிக்குள் நின்றபடியே பைப்பைத் திறந்து பானைக்குத் தண்ணீர் பிடித்தாள். பிடித்துக்கொண்டே ஏதோ முணுமுணுத்தாள். பாட்டோ, யாருக்கும் ஏச்சோ தெரியவில்லை. கலியாணம் முடித்து ஐம்பத்தொரு வருடம். தண்ணீர் எடுக்கும்போது அவளுக்கு மூச்சு வாங்குகிற சத்தம்தான் எனக்குப் பழக்கம்.

மகன் சதீசன் மாசியில் கனடாவிலிருந்து வந்து நின்றபோது கிணற்றுக்கு மோட்டர் பூட்டினான், கூரையில் தண்ணீர்த் தாங்கி வைத்தான். தாய்க்கு இரண்டு முழங்காலும் ஏலாது. அவன் போய்விட்டான், தண்ணீர் வருகிறது.

எனக்கு எழுத்துத் தெரியாது. பள்ளிக்கூடம் போகிற வயதில் மாட்டோடு போனவன். நான் சொல்லச் சொல்ல மனோகரி எழுதுகிறாள். முன்பு இந்த நேரம் அவள் கிணற்றடியில் நிற்பாள். இப்போது பின்னேரம் சும்மா கிடக்கிறது, அதனால்தான் இந்தக் கொப்பி. திகதி இங்கிலீசுக் கலண்டர்ப்படி, மாதத்தின் பேர் மட்டும் எங்கள் வழக்கத்தில்: மே வைகாசி, ஜனவரி தை.

எதை எழுத என்று கேட்டாள். கிணற்றை எழுதும் என்றேன்.

அனலைதீவில் எங்கே தோண்டினாலும் கீழே கடல்தான். மழைத் தண்ணீர் பாரமில்லாதது, அந்த உப்பின் மேல் படுத்திருக்கும். என் தகப்பனை அப்பு என்று கூப்பிடுவோம். அப்பு சொல்லுவார், நித்திரையில் கிடக்கிற பிள்ளையைத் தூக்குகிற மாதிரி அள்ளவேணும், இல்லாவிட்டால் கீழே கிடக்கிறவன் எழும்பிவிடுவான் என்று. மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு வெயில் சரியும் வரை இந்தக் கிணற்றில் யாரும் வாளி போடுவதில்லை. இதில் அள்ளுகிற ஏழு வீட்டுக்கும் தெரிந்த வழக்கம். கிணறு படுக்கிற நேரம் என்போம்.

மோட்டர் மத்தியானத்தில்தான் ஓடுகிறது. கரண்ட் அப்போதுதான் ஒரு சீராக வரும்.

வைகாசி 10, வெள்ளி

பருப்பு அவியவில்லை. இரண்டு மணித்தியாலம் அடுப்பில் கிடந்தும் கல்லு மாதிரி.

வைகாசி 11, சனி

பக்கத்து வளவுச் சிவக்கொழுந்து காலையில் வந்தாள். எழுபது வயதாகிறது, புருசன் இல்லை. எங்கள் கிணற்றில் தண்ணீர் அள்ளுகிற ஏழு வீட்டில் முதல் வீடு அவளுடையது. தேத்தண்ணிக் கோப்பையோடேயே வந்துவிட்டாள்.

"அண்ணை, குடிச்சுப் பாருங்கோ."

குடித்தேன்.

"என்ன, கடலுக்குள்ளை சீனி போட்ட மாதிரிக் கிடக்கே?"

"காத்துக்காலம்," என்றேன். "சோளகக் காத்துத் தூக்கிக்கொண்டு வாற உப்பு. ரெண்டு மழையோட கழுவுப்பட்டிடும்."

"சோளகம் இந்த வருசம்தான் பிறந்ததோ?"

மோட்டர் கிடக்கிற பக்கத்தை அவள் பார்க்கவேயில்லை. அதுதான் எனக்குச் சுட்டது. கோப்பையில் மிச்சத்தைக் கமுக மரத்தடியில் ஊற்றினாள். கிணற்றுக் கட்டின் மேல் எப்போதும் கவிட்டு வைத்திருக்கிற தன் குடத்தை எடுத்து இடுப்பில் வைத்துக்கொண்டு போனாள். வெறுங்குடம்.

வைகாசி 12, ஞாயிறு

மனோகரி, இதை மாற்றாமல் எழுதும்.

எனக்குத் தெரியும். சித்திரை முப்பதாம் திகதி, பல்லு விளக்கி வாய் கொப்பளிக்கும்போது நாக்கின் ஓரத்தில் உப்புப் பட்டது. ஒரு நூல் அளவு. வேறு யாருக்கும் பிடிபடாது, எனக்குப் பிடிபட்டது. அண்டைக்கே மோட்டரை நிப்பாட்டியிருக்க வேணும். நிப்பாட்டேல்லை. செவ்வாய்க்கிழமை கிணற்றை எழுதும் என்று உமக்குச் சொல்லும்போதும் தெரியும். நேற்று அந்த மனிசிக்குச் சோளகம் எண்டு சொல்லும்போதும் தெரியும்.

ஏன்? நீர் குசினிக்குள் முணுமுணுத்தீர். அதுக்காக—

வைகாசி 16, வியாழன்

மூன்று நாள் கொப்பி திறக்கவில்லை. அன்று அவள் பேனையை மூடிவைத்துவிட்டு நேரே போய் மோட்டரின் சுவிச்சை அணைத்தாள். பழைய சீலைத் துண்டால் அதைச் சுற்றிக் கட்டினாள். இன்று தானாகவே வந்து கதிரையில் இருந்தாள்.

"எழுதுறன். ஆனால் எனக்காகச் செய்தனான் எண்டு மட்டும் சொல்லாதேங்கோ. என்ரை காலை இதுக்குள்ளை இழுக்க வேண்டாம்."

சரி. அவளுக்காக இல்லை. ஐம்பது வருடம் இந்தக் கிணற்றுக்கு நானே நியாயம் சொல்லி வந்தவன். என் வாயிலிருந்து வருகிறது பிழையாகாது என்று நினைத்துவிட்டேன்.

கிணற்றுக் கட்டின் மேல் இருந்த மற்ற ஆறு குடமும் ஒவ்வொன்றாகப் போய்விட்டன.

வைகாசி 20, திங்கள்

தண்ணீர் கொண்டுவருகிற பவுசர் லொறி வந்தது. வரிசையில் சிவக்கொழுந்து எனக்கு முன்னால் நின்றாள். திரும்பவில்லை. பவுசர் தண்ணீருக்கு ருசியே இல்லை. கனவில் குடிக்கிற தண்ணீர் மாதிரி, குடித்தது தெரிகிறது, தொண்டைக்குத் தெரியவில்லை.

ஆனி 19, புதன்

சோளகம் நாள் முழுக்க. பனைகளெல்லாம் ஒரே பக்கம் சாய்ந்து யாரையோ வழியனுப்புகிற மாதிரி நிற்கின்றன. பரவைக் கடல் வெள்ளையாகக் கிடக்கிறது. எங்கே தண்ணீர் முடிந்து எங்கே வெளிச்சம் தொடங்குகிறது என்று சொல்ல ஏலாது.

மத்தியானம் கிணற்றுக் கட்டின் மேல் கன்னத்தை வைத்துப் படுத்தேன். கல்லு குளிர். கண் அயர்ந்துவிட்டது. தீவுக்குக் கீழே கடல் நடந்து போகிறது. செருப்பில்லாமல், மெதுவாக, ஒருவரையும் எழுப்பாமல் போகிறது. மேலே அப்பு படுத்திருக்கிறார், மழைத் தண்ணீரை இழுத்துப் போர்த்துக்கொண்டு. நான் அவரை எழுப்பப் பார்க்கிறேன். மோட்டர்ச் சத்தத்தில் அவருக்குக் கேட்கவில்லை.

விழித்தபோது மனோகரி என் தலைக்கு நிழலாக ஓலை ஒன்றைச் சாய்த்து வைத்திருந்தாள்.

ஆடி 14, ஞாயிறு

சதீசன் போனில் வந்தான். உப்பை எடுக்கிற மிசின் ஒன்று அனுப்புகிறானாம். "நீங்கள் ஒண்டுக்கும் கவலைப்படாதேங்கோ அப்பா."

"தம்பி, உப்பை எடுக்க மிசின் இருக்கு. எழும்பினவனைப் படுக்க வைக்க இருக்கோ?"

அவனுக்கு விளங்கவில்லை. தாய் போனை வாங்கி வேறு கதை கதைத்தாள்.

ஆவணி 22, வியாழன்

இரவெல்லாம் யோசித்து விடியச் சொல்லுகிறேன். அறுபத்து நான்காம் ஆண்டுப் புயலில் கடல் வீட்டு வளவுக்குள் ஏறி, கிணற்றை மூடிக்கொண்டு போனது. எனக்குப் பதினேழு வயது. அப்பு அழவில்லை. வாளியையும் கயிற்றையும் கழற்றி வீட்டுக்குள் வைத்தார். பிறகு வளவைச் சுற்றி முழங்கால் உயரத்துக்கு வரம்பு கட்டினார். பெய்கிற மழை ஒரு துளியும் வெளியே ஒழுங்கைத் தெருவுக்கு ஓடக்கூடாது, நின்று ஊற வேண்டும் என்று. மாரி முழுக்க வளவு குளம் மாதிரிக் கிடந்தது. வாழை இரண்டு அழுகிப் போயின, அவர் பார்க்கவேயில்லை. இரண்டாம் மாரிக்குப் பிறகுதான் வாளியை இறக்கினார். அந்த வாளி தண்ணீரைத் தொட்ட சத்தம்கூட ஞாபகம் இருக்கிறது. சத்தமே இல்லை.

இதெல்லாம் தலைக்குள் கிடந்தும் நான் நாலு மாதம் கல்லில் படுத்துக் கனவு கண்டுகொண்டிருந்தேன். மண்வெட்டி எங்கே?

புரட்டாதி 3, செவ்வாய்

ஒரு நாளைக்கு எட்டு முழம் வரம்பு. அதற்கு மேல் இடுப்பு விடாது. மனோகரி கதிரையைக் கொண்டுவந்து போட்டு இருந்துகொண்டு கட்டிகளை உடைத்துத் தருகிறாள்.

புரட்டாதி 15, ஞாயிறு

இன்று வேலிக்கு அந்தப் பக்கம் சிவக்கொழுந்து நின்றாள். எவ்வளவு நேரமாக நின்றாளோ. எழுபத்தேழு வயதுக் கிழவன் மண்ணில் குந்தியிருக்கிறதைப் பார்த்துக்கொண்டு.

"சோளகத்துக்கு வரம்பு கட்டுறியளோ அண்ணை?"

நான் எழும்பவில்லை. எழும்ப நேரம் எடுக்கும், அதற்குள் சொல்ல நினைத்தது போய்விடும்.

"சோளகமில்லைப் பிள்ளை. மோட்டர். சித்திரையிலையே எனக்குத் தெரியும். தெரிஞ்சுகொண்டுதான் உமக்குப் பொய் சொன்னனான்."

"அது எனக்கு அண்டைக்கே தெரியும். வாயைத் திறந்து சொல்லுறியளோ எண்டுதான் இவ்வளவு நாளும் பாத்தனான்."

காகம் ஒன்று வரம்பில் இருந்து எழும்பிப் போனது.

"மேற்கு மூலை பதிஞ்சு கிடக்கு," என்றாள். "முதல் மழைக்கே உடைச்சுக்கொண்டு ஒழுங்கைக்குப் போகும். கண் தெரியாட்டில் கேட்டுக் கட்டுறதுக்கென்ன?"

வேலியில் ஆள் நுழைகிற பொட்டால் உள்ளே வந்து காலால் அந்த இடத்தைக் காட்டினாள். உண்மைதான். பதிந்துதான் கிடந்தது.

ஐப்பசி 17, வியாழன்

மழை. முதல் மழை. வளவு அப்படியே குடித்துவிட்டது.

கார்த்திகை 26, செவ்வாய்

ஐந்து நாளாக வெயில் இல்லை. கடலும் வானமும் வளவும் ஒரே நிறம். வீடு தண்ணீருக்கு நடுவில் கட்டின தோணி மாதிரி நிற்கிறது. படியில் இருந்து பார்க்க, வாழைகளின் நிழல் தலைகீழாக நின்று என்னைப் பார்க்கிறது. நான் எந்தப் பக்கம் இருக்கிறேன் என்று ஒரு கணம் தெரியவில்லை. மனோகரி தேத்தண்ணி தந்ததும் தெரிந்தது.

மேற்கு மூலை உடையவில்லை.

கிணற்றில் தண்ணீர் மேலிருந்து ஐந்தாம் கல்லில் நிற்கிறது. நான் நாக்கில் வைக்கவில்லை. ஆசைதான். என் நாக்கை நான் நம்புவதில்லை.

மார்கழி 8, ஞாயிறு

வளவுத் தண்ணீர் எல்லாம் இறங்கிவிட்டது. நாலு வாழை அழுகிப் போயிற்று. மனோகரி சொன்னாள், "அப்புவை விட ரெண்டு கூட."

தை 13, திங்கள்

நாளைக்குப் பொங்கல். காலையில் சிவக்கொழுந்து வந்து வாசலில் நின்றாள்.

"பவுசர்த் தண்ணியிலை பொங்க எனக்கு மனமில்லை. கிணறு என்ன சொல்லுது?"

"நீர்தான் சொல்ல வேணும்," என்றேன்.

சின்ன வாளியைக் கப்பியில் போட்டேன். கயிற்றைக் கையால் விட்டு விட்டு இறக்கினேன், கல்லில் முட்டாமல், அலை எழும்பாமல். சாய்த்து மேல் தண்ணீரை மட்டும் எடுத்தேன். அவள் சிரட்டையில் வாங்கி வாய்க்குள் வைத்துக்கொண்டு கடல் பக்கம் பார்த்தாள். விழுங்க அவ்வளவு நேரம் எடுத்தாள். மனோகரி கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"கொஞ்சம் கிடக்கு," என்றாள். "முழுக்கப் போகேல்லை. பருப்புக்கு இன்னுமொரு மாரி வேணும். தேத்தண்ணிக்கு ஆகும்."

"பொங்கலுக்கு?"

"பால் திரிஞ்சால் உங்கடை வீட்டு வாசலிலைதான் கொண்டுவந்து ஊத்துவன்."

தை 14, செவ்வாய்

பால் திரியவில்லை.

சுவிச்சில் சீலைத் துண்டு அப்படியே இருக்கிறது. விடியக் காலையில் நான் ஆறு சின்ன வாளி அள்ளி குசினியில் வைக்கிறேன், மனோகரி அதிலிருந்து எடுக்கிறாள். ஆறு போதும் என்கிறாள். ஏழாவது வாளி அள்ளினால் எனக்கு மூச்சு வாங்குகிற சத்தம் குசினி வரை கேட்குமாம்.

சிவக்கொழுந்து பொங்கல் கொண்டுவந்தாள், ஒரு குடம் தண்ணீர் அள்ளித் தன் வீட்டில் ஊற்றிவிட்டுக் குடத்தோடு திரும்பி வந்தாள், பிறகு வேலிப் பொட்டால் போனாள். மத்தியானம் சாப்பிட்டுவிட்டு நான் கிணற்றடிக்குப் போனேன். படுக்கிற நேரம், யாரும் இல்லை. கிணற்றுக் கட்டின் மேல் அவளுடைய குடம் கவிட்டு வைத்திருந்தது.

தொடாமல் வந்துவிட்டேன்.