பச்சைக்கால் பேரப்பிள்ளைகள்

த்ராங்,
மழை விட்ட வாரம்.

அன்புள்ள பைலின் அக்காவுக்கு,

சுமாலி எழுதுகிறேன். உறையில் என் கையெழுத்தைப் பார்த்ததும் கிழித்துப் போட்டிருக்க மாட்டீர்கள் என்ற நம்பிக்கையில்தான் எழுதுகிறேன். நலமா? லோயியில் குளிர் தொடங்கியிருக்கும். முழங்காலுக்குத் தைலம் தேய்க்கிறீர்களா, இல்லை வைத்தியமெல்லாம் பூந்தொட்டிகளுக்கு மட்டும்தானா? இங்கே என் வீட்டுக்காரர் பிரயூனுக்குச் சர்க்கரை ஏறிக் கிடக்கிறது. ஆனாலும் சந்தைக்குப் போனால் பன்றி வறுவல் பொட்டலத்தோடுதான் திரும்புகிறார்.

உங்கள் பச்சைச் செருப்பு ஆர்கிட் அழுகிப் போய்விட்டதாக நம் ஆர்கிட் சங்கத்தில் சொன்னார்கள். அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை. ஊரெல்லாம் ஊதாக் கோடு போட்டுப் பூக்கிற இனத்தில், ஊதாவே இல்லாமல் பச்சையும் வெள்ளையுமாகப் பூத்தவை நமக்குத் தெரிந்து இரண்டே இரண்டு. என் தெற்கத்திச் செடி ஒன்று, உங்கள் வடகிழக்குச் செடி ஒன்று. ஒரு தூர் பிரித்து யாரிடமாவது கொடுத்து வையுங்கள், உங்களிடம் பட்டுப்போனாலும் அங்கே இருக்கும் என்று எத்தனை தடவை கெஞ்சியிருப்பேன். "அப்புறம் அதை அபூர்வம்னு எவ சொல்லுவா?" என்று சிரித்தீர்கள். எனக்கே மகரந்தம் மட்டும்தான் கொடுத்தீர்கள்.

அந்த மகரந்தத்தால் வந்ததுதானே எல்லாம். பச்சைக்கும் பச்சைக்கும் பிறந்தது பச்சையாகத்தான் இருக்கும் என்று இருவரும் இறுமாந்து இருந்தோம். பாங்காக் சங்கக் கூடத்தில், விதை முளைக்கவைத்த போத்தலைத் திறந்து, நம் வழக்கப்படி நாற்றுகளைத் தலைகீழாகப் பிடித்து இலையடியைப் பார்த்தோம். பச்சைப் பூ பூக்கிற செடிக்கு அந்த இலையடிக் காலும் சுத்தப் பச்சையாக இருக்க வேண்டும். ஒன்று விடாமல் எல்லாவற்றுக்கும் ஊதாப் பொட்டு! அத்தனை பேர் முன்னால், "எந்தப் பூ மகரந்தத்தையோ வச்சுட்டு என் செடி பேரைக் கெடுக்கிறியாடி?" என்றீர்கள். நானும் வாயை மூடிக்கொண்டா இருந்தேன்? "உங்கது நிஜப் பச்சையா, வெயில்ல வெளுத்ததான்னு யாருக்குக்கா தெரியும்?" என்று கேட்டுவிட்டேன். உங்கள் பங்கு நாற்றுகளைக் குப்பைக் கூடையில் கொட்டிவிட்டுப் போனீர்கள். என் பங்கை நான் வளர்த்தேன். பாசமெல்லாம் இல்லை, வெறும் வீம்பு.

சில வருடம் கழித்து எல்லாம் ஊதாவாகத்தான் பூத்தன. "ரெண்டு சண்டைக்காரிங்க பெத்த பிள்ளைங்க, மூஞ்சியைப் பாரு எப்படிச் சிவந்திருக்கு" என்று பிரயூன் கேலி செய்தார். அந்த எரிச்சலில் அவற்றையே ஒன்றோடொன்று சேர்த்து விதை எடுத்தேன். போன வாரம் போத்தலைத் திறந்தேன். அக்கா, கிட்டத்தட்ட பாதி நாற்றுகள் பச்சைக்கால்! எண்ணுகிற அவசரத்தில் ஒன்றைக் கீழே போட்டுவிட்டேன்.

ஹாட் யாய் பல்கலைக்கழக ஆசிரியை ஒருவரிடம் கொண்டுபோய்க் காட்டினேன். அவர் சொன்னதை என் புத்திக்கு எட்டியபடி சொல்கிறேன். ஊதா என்பது நம் மிளகாய்த் துவையல் மாதிரி, மிளகாயும் இறால் விழுதும் இரண்டும் சேர்ந்தால்தான் வரும். உங்கள் செடி வீட்டில் மிளகாய் இல்லை, என் செடி வீட்டில் இறால் விழுது இல்லை. இரண்டு வீட்டிலும் துவையல் அரைபடவில்லை. பிள்ளைகளுக்கு என் பக்கத்து மிளகாயும் உங்கள் பக்கத்து இறால் விழுதும் கிடைத்துவிட்டன, அரைத்துத் தள்ளிவிட்டன. பேரப்பிள்ளைகளில் ஏதோ ஒன்று கிடைக்காதவை மறுபடி பச்சையாகிவிட்டன. நான் வைத்தது உங்கள் மகரந்தம்தான். உங்கள் செடியும் நிஜப் பச்சைதான். நான் சொன்னது தப்பு அக்கா.

நீங்கள் கூடையில் கொட்டிய ஊதாக்களுக்குள்தான் உங்கள் பச்சை ஒளிந்திருந்தது. இப்போது அது என் வீட்டுப் பின்பக்கம், நிழல் வலைக்குக் கீழே மட்டும்தான் இருக்கிறது. எந்த நாற்று உங்கள் பக்கம், எது என் பக்கம் என்று பார்த்துச் சொல்ல முடியாதாம். அதனால் பாதியை எண்ணிப் பார்சலில் அனுப்பு என்று சொல்லாதீர்கள், அனுப்ப மாட்டேன்.

நீங்களே வாருங்கள். தலைகீழாகப் பிடித்து உங்கள் கண்ணால் பாருங்கள். திட்டுவதானால் நாற்றுகளைக் கையில் வைத்துக்கொண்டு திட்டுங்கள். பூக்க இன்னும் சில வருடம் ஆகும். அதுவரை உங்கள் முழங்காலும் என் கண்ணும் தாங்க வேண்டும் என்று கோயிலில் தினமும் ஊதுவத்தி ஏற்றுகிறேன். பச்சையாக ஒன்று விரியும்போது நீங்கள் பக்கத்தில் இல்லையென்றால், அதை நான் யாரிடம் அக்கா காட்டுவேன்?

உங்கள் தங்கை,
சுமாலி