நான் வேலைக்குப் போகாத செவ்வாய்க்கிழமை

அன்பு மகளுக்கு அம்மா எழுதுவது. அப்பாவும் நானும் உடம்புக்கு ஒரு குறையும் இல்லாமல் இருக்கிறோம், நீயும் அங்கே வேளைக்குச் சாப்பிட்டுத் தொண்டை கட்டாமல் நலமாக இருக்க வேண்டும். கடிதம் என்றால் நலம் என்றுதான் ஆரம்பிக்க வேண்டும், அதனால் எழுதிவிட்டேன், மேலே படித்தால் எங்கள் நலம் எந்த அழகில் இருக்கிறது என்று உனக்கே தெரியும். நீ அனுப்பிய உறை போன வாரம் வந்தது. அதில் பென்சிலால் பெருக்கல் குறி போட்டு, இந்த இடத்தில் கையெழுத்துப் போடு அம்மா என்று ஒரு பத்திரம் வைத்திருந்தாய், பேனா மாமா கம்பெனிக்காக வருகைப் பதிவேட்டைத் திருத்தினார் என்று நான் சத்தியம் பண்ணிச் சொல்கிற பத்திரம், அவர்மேல் நீ கொடுக்கப்போகிற புகாரோடு சேர்ப்பதற்கு. அதைக் கையெழுத்து இல்லாமல் இந்தக் கடிதத்துக்குள்ளேயே மடித்து வைத்திருக்கிறேன். தபாலில் தொலைந்துவிட்டது என்று சொல்லிவிடலாமா என்று இரண்டு நாள் யோசித்தேன், பொய் சொல்ல எனக்குத் தெரியாமல் இல்லை. போனில் சொல்லக்கூடாதா என்று கேட்பாய். நம் வீட்டில் போன் ஹாலில் இருக்கிறது, ஹாலில் உன் அப்பா இருக்கிறார், யார் கூப்பிட்டாலும் ஸ்பீக்கரில் போட்டுத்தான் பேசுவார். அதனால் ஆஸ்பத்திரித் துணி அறையில், மத்தியான இடைவேளையில், அடுக்கி வைத்த போர்வைகளுக்கு நடுவில் முக்காலி போட்டு உட்கார்ந்து எழுதுகிறேன்.

முதலில் உன் படிப்பு. எப்படிப் படிக்கிறாய் என்று அப்பா கேட்டதற்கு நீ இரண்டு பக்கத்துக்குக் கால அட்டவணையே எழுதி அனுப்பிவிட்டாய். அவர் அதை அலமாரிக் கதவில் ஒட்டி வைத்து, கீழ்வீட்டுத் தையல்காரரைக் கூப்பிட்டுக் காட்டினார், அந்த மனிதர் கையில் ஊசியோடு நின்று முழுக்கக் கேட்டுவிட்டுத்தான் போனார். விடியற்காலை ஐந்து மணிக்கு எழுந்துவிடுகிறாயாம், நாற்பது நிமிடம் படித்தால் பத்து நிமிடம் நடக்கிறாயாம், சீனியர்கள் எழுதி வைத்த நோட்ஸைக் கையால் தொடுவதில்லையாம், பதினொரு பக்கத் தீர்ப்பானாலும் ஒரு வரி விடாமல் படித்து, நடந்தது என்ன, கேள்வி என்ன, தீர்ப்பு என்ன, காரணம் என்ன என்று நாலு தலைப்பில் ஒரே பக்கமாகச் சுருக்கி விடுகிறாயாம், வாரத்துக்கு ஒரு பழைய கேள்வித்தாளைக் கடிகாரம் வைத்து எழுதிப் பார்க்கிறாயாம். எல்லாம் சரி, ரொம்ப சந்தோஷம். வெறும் வயிற்றில் காபி குடித்துவிட்டு உட்காராதே. நாலு பேர் சேர்ந்து படிக்கிறோம் என்று எழுதியிருந்தாய், அந்த நாலு பேரில் நீ சொல்வதை இல்லை என்று சொல்கிறவள் ஒருத்தியாவது இருக்கிறாளா என்று பார்த்துக்கொள், நீ பேசுவதற்கெல்லாம் தலையாட்டுகிறவர்களோடு உட்கார்ந்தால் அரட்டைதான் நடக்கும். அந்தப் பத்து நிமிட நடையில் ஒரு நாளாவது அம்மாவிடம் தனியாக ஒரு வார்த்தை கேட்டுப் பார்ப்போமே என்று உனக்குத் தோன்றவில்லை, அதையும் சொல்லிவிடுகிறேன், மனதில் வைத்துக்கொண்டு எனக்கு என்ன ஆகப்போகிறது.

மாதிரிக்கு என்று நீ அனுப்பிய ஒரு பக்கச் சுருக்கம் அப்பாவின் கைக்காகப் போட்ட நம் வழக்கு என்று பார்த்ததும் அவர் கண்ணில் படாமல் மடித்துக் கைப்பையில் வைத்துக்கொண்டேன். உங்கள் வகுப்பிலேயே அதைப் பாடமாக நடத்துகிறார்கள் என்று பெருமையாக எழுதியிருக்கிறாய். தொழிலாளியின் மனைவி, சம்பவத்தைப் பார்த்ததாகச் சொன்னவர், நம்பத்தகாத சாட்சி என்று என்னை ஒரு வரியில் எழுதி, அதன்மேல் மஞ்சள் மை பூசி, ஓரத்தில் பரீட்சைக்கு முக்கியம் என்று வேறு குறித்திருக்கிறாய். கோர்ட்டில் அதைக் காதால் கேட்டபோதுகூட இவ்வளவு வலிக்கவில்லை, உன் குண்டு குண்டு எழுத்தில் பார்க்கும்போது முகத்தில் அறைந்த மாதிரி இருந்தது. அதற்குக் கீழே, நடந்தது என்ன என்ற தலைப்பில், வருகைப் பதிவேடு பின்னால் திருத்தப்பட்டது என்று நீயாக ஒரு வரி சேர்த்திருக்கிறாய். அந்தச் சுருக்கத்துக்கு உன் பேராசிரியர் பத்துக்கு ஒன்பது போட்டாராம். மகளே, அந்தப் பதினொரு பக்கத் தீர்ப்பில் எங்கே இருக்கிறது அந்த வரி? நான் தேடிப் பார்த்துவிட்டேன், இல்லை. நம் வீட்டில் சாப்பிட உட்காரும்போதெல்லாம் கேட்டதை நீ கொண்டுபோய்த் தீர்ப்புக்குள் வைத்துவிட்டாய்.

இனிமேல் நான் எழுதுவதை உட்கார்ந்து படி. உனக்கு அப்போது ஒன்பது வயது, உனக்கு நினைவிருப்பது அப்பாவின் கட்டுப் போட்ட கை மட்டும்தான். சலவைக் கம்பெனியில் அப்பா கீழே பெரிய ரோலர் இஸ்திரி மெஷினில் ஈரப் படுக்கை விரிப்புகளை உள்ளே தள்ளுகிற வேலை பார்த்தார், காலை ஆறிலிருந்து இரண்டு மணி வரைக்கும். எனக்கு மாடியில் கிழிசல் தைக்கிற வேலை, எட்டு மணிக்குப் போய் நாலு மணிக்கு வருவேன், என் தையல் மெஷினுக்குப் பக்கத்தில் இருந்த கண்ணாடி ஜன்னல் வழியாகக் கீழே அந்த ரோலர் தெரியும். ரோலருக்கு முன்னால் ஒரு பாதுகாப்புக் கம்பி உண்டு, கை பட்டால் மெஷின் நின்றுவிடும், துணியின் மடிப்புப் பட்டாலும் நின்றுவிடும். அதனால் வேலை தாமதமாகிறது என்று சூப்பர்வைசர் ஒரு செவ்வாய்க்கிழமை ஸ்பானரைக் கொண்டு வந்து கம்பியைக் கழற்றிப் பாய்லர் ரூம் படிக்கு அடியில் போட்டுவிட்டான். அடுத்த வாரம் வெள்ளிக்கிழமை அப்பாவின் வலது கை உள்ளே போனது. ஆஸ்பத்திரியில் மயக்கம் தெளிந்ததும் என்னைப் பார்த்து, அவன் கம்பியைக் கழட்டுனதை நீ மேல இருந்து பாத்தியா இல்லையா என்று கேட்டார். அந்தச் செவ்வாய்க்கிழமை நான் வேலைக்கே போகவில்லை. அவர் காலையில் கிளம்பிப் போன பிறகு உனக்கு ஜுரம் அனலாகக் கொதித்தது, நான் வீட்டில் இருந்துவிட்டேன், இன்னொரு லீவு போட்டால் சீட்டுக் கிழிந்துவிடும் என்று சூப்பர்வைசர் மிரட்டியிருந்ததால் அப்பா கோபிப்பாரே என்று அன்றைக்கு வாயைத் திறக்கவில்லை, அவர் ஓவர்டைம் பார்த்துவிட்டு இருட்டிய பிறகு வந்தபோது நீயும் எழுந்து விளையாட ஆரம்பித்துவிட்டாய். அந்தக் கையைப் பார்த்துக்கொண்டு இல்லை என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. பாத்தேன் என்று சொன்னேன். அவ்வளவுதான் நான் சொன்னது, ஒரு வார்த்தை. உனக்கு ஜுரம் வந்ததற்காக உன்மேல் பழி போடுகிறேன் என்று நினைக்காதே, அப்படி நினைத்த நாட்களும் உண்டு, இப்போது இல்லை.

நம் வக்கீல் அந்த ஒரு வார்த்தையைப் பிடித்துக்கொண்டார். வேற யாரும் பயந்துக்கிட்டு வாயத் தொறக்க மாட்டேங்குறாங்க, நீங்க பாத்ததச் சொன்னாத்தாம்மா கேஸ் நிக்கும் என்றார். நான் கூண்டில் ஏறி, ஸ்பானர் எந்தக் கையில் இருந்தது என்பது வரைக்கும் சொன்னேன், நன்றாகவே சொன்னேன். கம்பெனிக்காரர்கள் வருகைப் பதிவேட்டை எடுத்து மேஜையில் வைத்தார்கள், செவ்வாய்க்கிழமைக்கு நேராக என் பெயருக்கு லீவு. வெளியே வந்ததும் அப்பா என் முகத்தைப் பார்த்தார், மாத்தி எழுதிட்டாங்க என்றேன். பதிவேடு எழுதுகிறவர் ஒரே ஒருவர்தான், டைம்கீப்பர், எப்போதும் காதில் பேனா செருகி இருப்பதால் நீ பேனா மாமா என்று கூப்பிட்ட அதே மனிதர், அப்பாவை மச்சான் மச்சான் என்று தலையில் தூக்கி வைத்துக்கொண்டு ஆடியவர். அப்பா நேராக அவர் வீட்டு வாசலுக்குப் போய், தெருவே வேடிக்கை பார்க்க, விலை போனவன் என்று ஆரம்பித்து வாய்க்கு வந்ததையெல்லாம் சொன்னார், பின்னால் போன நான் கேட்டுக்குப் பக்கத்தில் நின்றேன். பேனா மாமா கதவை அகலத் திறந்து வைத்தார். உள்ள வந்து உக்காந்து பேசுங்க மச்சான் என்று மட்டும் சொன்னார், சொல்லிவிட்டு என்னைப் பார்த்தார். பிள்ளைக்கு ஜுரம் என்று மறுநாள் காலை அவரிடம்தான் நான் காரணம் சொல்லியிருந்தேன். உங்க பொண்டாட்டியைக் கேளுங்க என்று அவர் ஒரு வாய் சொல்லியிருந்தால் அன்றைக்கே எல்லாம் முடிந்திருக்கும், சொல்லவில்லை, ஏன் என்று இன்று வரைக்கும் எனக்குத் தெரியாது. பன்னிரண்டு வருடமாக உன் அப்பா அவரைப் பார்த்தால் எதிர்ப்பக்கம் போய்விடுகிறார்.

அந்த மனிதர் இப்போது வாரத்தில் இரண்டு நாள் அவர் மனைவியைச் சிறுநீரக வைத்தியத்துக்கு நான் வேலை செய்கிற இதே ஆஸ்பத்திரிக்குக் கூட்டி வருகிறார். நான் துணி வண்டியைத் தள்ளிக்கொண்டு போகும்போது எழுந்து வழி விடுவார். உன் உறை வந்ததற்கு மறுநாள், பாப்பா வக்கீலுக்குப் படிக்குதாமே தங்கச்சி, கண்ணு கெடாம படிக்கச் சொல்லுங்க என்றார். அன்றைக்கு என் கைப்பையில் அவரை மோசடிக்காரர் என்று நீ எழுதிய பத்திரம் இருந்தது. நான் லிப்டுக்குள் போய் வண்டியைப் பிடித்துக்கொண்டு அழுதேன், மூன்றாவது மாடிக்குப் போக வேண்டியவள் ஐந்தாவது மாடிக்குப் போய்விட்டேன். வீட்டுக்கு வந்தால் உன் அப்பா இடது கையால் பேனாவின் மூடியைக் கழற்றி, இன்னைக்காவது போடு, பிள்ளை காத்துக்கிட்டு இருக்கு என்று நீட்டுகிறார். கண்ணாடி உடைந்துவிட்டது, கை வலிக்கிறது என்று ஏழு நாளுக்கு ஏழு சாக்குச் சொல்லி ஒப்பேற்றியிருக்கிறேன்.

இவ்வளவும் எனக்குப் பழகிய பாரம், இதோடு செத்துப் போய்விடலாம் என்றுதான் இருந்தேன். நீ சுருக்கத்தோடு முழுத் தீர்ப்பையும் ஜெராக்ஸ் எடுத்து வைத்திருந்தாய் பார், அதுதான் என்னைக் கவிழ்த்தது. பன்னிரண்டு வருடத்தில் அதை நான் படித்ததில்லை, தோத்துட்டோம்மா என்று வக்கீல் கை விரித்ததோடு சரி. மூன்று மத்தியானம் இந்த முக்காலியில் உட்கார்ந்து எழுத்துக் கூட்டிப் படித்தேன். ஒன்பதாம் பக்கத்தில் கடைசிப் பாராவில் நீதிபதி எழுதியிருக்கிறார், தொழிலாளி சொன்னது மட்டும் தனியாக நம் முன் இருந்திருந்தால் அதை நம்பத் தயக்கம் இருந்திருக்காது, பார்க்காததைப் பார்த்ததாகச் சொன்ன மனைவியின் சாட்சியம்தான் அவர் பேச்சையும் சந்தேகத்துக்கு உள்ளாக்கியது என்று. உன் அப்பா தனியாகப் போய் நின்றிருந்தால் ஜெயித்திருப்பார். அவரைத் தோற்கடித்தது கம்பெனி இல்லை, பதிவேடும் இல்லை, நான். இந்தப் பாராவை உன் சுருக்கத்தில் காணோம். பதினொரு பக்கமும் வரி விடாமல் படித்தவளுக்கு இது மட்டும் எப்படிக் கண்ணில் படாமல் போனது? பட்டிருக்கும். நமக்கு உதவாது என்று தாண்டியிருப்பாய், அல்லது அம்மா அப்படிச் செய்ய மாட்டாள் என்று தாண்டியிருப்பாய், இரண்டில் எது என்று எனக்குச் சொல்ல வேண்டாம்.

எனக்குச் சட்டம் தெரியாது, படிக்கச் சொல்லித் தரவும் தகுதி இல்லை, ஆனாலும் பெற்றவள் என்பதால் சொல்கிறேன். உனக்குக் கசக்கிற பாராவைத்தான் முதலில் எழுதி வைத்துக்கொள். வீட்டில் கேட்டது ஒரு நோட்டு, தாளில் இருப்பது ஒரு நோட்டு, இரண்டையும் கலக்காதே, சொன்னது உன் அம்மாவாக இருந்தாலும் கலக்காதே. ஜெயிக்க வேண்டும் என்கிற வெறியோடு நீ படிப்பதெல்லாம் என் பொய்யைக் காப்பாற்றுவதற்காக என்று நினைத்தால் சோறு இறங்கவில்லை. அந்தப் புகாரை அனுப்பாதே, உன் பேராசிரியரிடம் போய் நான் தவறாக எழுதிவிட்டேன் என்று நீயே சொல், ஒன்பது மதிப்பெண்ணைக் குறைத்தால் குறைக்கட்டும். என்மேல் உனக்கு வரும் கோபத்தைப் பரீட்சையின்மேல் காட்டாதே, அடுத்த மாதம் எல்லாப் பேப்பரையும் எழுதி முடி.

இன்றைக்குத் திங்கட்கிழமை. சனிக்கிழமை எனக்கு அரை நாள்தான் வேலை, மத்தியானம் வீட்டுக்குப் போய் அப்பாவை எதிரில் உட்கார வைத்து ஒன்பதாம் பக்கத்தை நானே படித்துக் காட்டப் போகிறேன். அவர் என்ன சொல்வார், என்ன செய்வார் என்று எனக்குத் தெரியவில்லை, பயமாகத்தான் இருக்கிறது. இந்தக் கடிதம் வெள்ளிக்கிழமையே வந்து சேர்ந்துவிட்டால் அவசரப்பட்டு அவரைக் கூப்பிட்டு எனக்காக வாதாடாதே, எனக்கு வக்கீல் வேண்டாம்.

நீ நன்றாக இருக்க வேண்டும், கண் கெடாமல் படிக்க வேண்டும், உன் வாயிலிருந்து பொய் வராமல் இருக்க வேண்டும், வேறு என்ன ஆசீர்வாதம் செய்ய எனக்கு வாய் இருக்கிறது. ஒன்றை மட்டும் மறக்காதே. ஞாயிற்றுக்கிழமை வழக்கம்போல் போன் பண்ணு. எடுத்த பிறகும் எந்தச் சத்தமும் வரவில்லை என்றால் லைன் கிடைக்கவில்லை என்று நினைத்து வைத்துவிடாதே. அப்பாதான் இருப்பார். நீ பாட்டுக்குப் பேசிக்கொண்டே இரு.

இப்படிக்கு,
உன் அம்மா