மூஞ்சூற்றின் மறு காது

சாகேத்,

இன்று உன் அம்மாவைச் சித்திவிநாயகர் கோயிலுக்குக் கூட்டிப்போனேன். அங்கே வெள்ளி மூஞ்சூற்றின் ஒரு காதில் வேண்டுதலைச் சொல்லும்போது மறு காதை மூடாவிட்டால், சொன்னது வெளியே போய்விடுமாம். அவருக்குக் கை எட்டவில்லை.

"நீ மூடுடி, இறுக்கமா!"

மூடினேன்.

காது மந்தமானவர் சொல்லும் ரகசியம் வரிசை முழுக்கக் கேட்டது.

"சாகேத்தே ஆசைப்படறான், பிள்ளையாரப்பா. தீபாவளிக்குள்ள இவகிட்டேருந்து விவாகரத்து கிடைக்கணும்."

பின்னால் நின்றவள் சிரித்தாள். "கையை எடுத்துடு தங்கச்சி, பலிச்சிடப் போகுது!"

நான் எடுக்கவில்லை.

நாளை மகாலட்சுமி கோயில், மறுநாள் மும்பாதேவி என்கிறார். இனி நீயே வந்து கூட்டிப்போ. அவரை வீட்டில் விட்டுவிட்டு, என் அம்மா வீட்டுக்குப் போக, தாதர் ஸ்டேஷனில் கோலாப்பூர் ரயிலுக்காகக் காத்திருக்கிறேன்.

இப்படிக்கு,
இன்றுவரை உன் அம்மாவின் மருமகள்