மாமா, உங்கள் வண்டிக்குத் தப்பான ஆயிலை ஊற்றிவிட்டேன்

என் பிரியத்துக்குரிய மாமாவுக்கு,

கட்டின புருஷனான உங்களைக் கல்யாணமான நாள் முதல் மாமா என்றுதான் கூப்பிட்டு வந்தேன். நீங்கள் போய்ச் சேர்ந்து ஏழு மாதமாகியும் அந்தப் பழக்கம் போகவில்லை. "மாமா, தண்ணி வந்துருச்சு" என்று நீங்கள் இல்லாத வீட்டில் குரல் கொடுத்துவிட்டு, குடத்தை நானே தூக்குகிறேன்.

முதலில் ஒரு சேதி. உங்கள் பைக்கை இப்போது நான்தான் ஓட்டுகிறேன். சிரிக்காதீர்கள். பத்து வருஷம் பின்னால் உட்கார்ந்து வந்தவளை ஒருநாளாவது ஹேண்டில்பாரைத் தொடவிட்டீர்களா? நாரணாபுரத்துக்கு மினிபஸ் வந்தால் வரும், வராவிட்டால் இல்லை. நேரம் தவறினால் நான் வேலை பார்க்கும் பட்டாசு கம்பெனி கேட்டைச் சாத்திவிடுகிறார்கள். அதனால் ஆனைக்குட்டம் அணைக்கட்டு ரோட்டில் நாலு ஞாயிற்றுக்கிழமை விழுந்து எழுந்து கியர் பழகினேன். நம் மகள் தேவி ஓரமாக நின்றுகொண்டு உங்களைப் போலவே அதட்டினாள்.

அப்புறம் ஆயில் மாற்ற வேண்டி வந்தது. வாசலில் சாக்கை விரித்து நீங்களே மாற்றுவீர்கள். என்ன ஆயில் என்று நான் கேட்டதுமில்லை, நீங்கள் சொன்னதுமில்லை. கடையில் ஆயில் கேட்டேன். கடைக்காரர் இரண்டு டப்பாக்களை எடுத்து வைத்தார். ஒன்றில் உராய்வை வெகுவாகக் குறைக்கும் என்று பெரிதாகப் போட்டிருந்தது.

மருந்து கலக்கும் அறையில் வேலை பார்ப்பவள் வேறு எதை எடுப்பாள், சொல்லுங்கள்? உடம்பில் ஒட்டியிருக்கும் மின்சாரம் இறங்கட்டும் என்று, உள்ளே நுழையும் முன் செம்புத் தகட்டைத் தொட்டுவிட்டுப் போகிறவர்கள் நாங்கள். பெட்டியைத் தூக்காமல் தரையில் இழுத்தால் ஃபோர்மேன் உயிர் போகிற மாதிரி கத்துவார். உராய்வு என்றாலே எங்களுக்கு நெருப்புதான். கண்ணை மூடிக்கொண்டு அந்த டப்பாவை வாங்கினேன். உங்களைப் போலவே சாக்கை விரித்து நானே மாற்றினேன். பெருமை வேறு, கொஞ்சநஞ்சமில்லை.

நாலே நாளில் வண்டிக்கு என்னமோ ஆகிவிட்டது. முறுக்கினால் சத்தம் ஊரைக் கூட்டுகிறது, வண்டி நகரமாட்டேன் என்கிறது. மேம்பாலத்தில் பாதி ஏறி அப்படியே நின்றுவிட்டேன். பின்னால் வந்த லோடு வேன்காரர் அடித்த ஹாரன் இன்னும் காதிலேயே இருக்கிறது. என் அண்ணன் வந்து பார்த்துவிட்டு, இஞ்சின் போய்விட்டது, விற்றுவிடு என்றார். சாத்தூரில் வாங்க ஆளும் பேசிவிட்டார். ஞாயிற்றுக்கிழமை வந்து எடுத்துக்கொள்வதாக ஏற்பாடு. உங்கள் கை பட்டதில் ஓடிக்கொண்டிருந்தது அது ஒன்றுதான். அதையும் என் கையாலேயே கெடுத்தேனே என்று எனக்குச் சோறு இறங்கவில்லை.

கழுவித் துடைத்தாவது அனுப்பலாம் என்று சனிக்கிழமை உங்கள் சேக்காளி, மெக்கானிக் கணேசனிடம் உருட்டிக்கொண்டு போனேன். என்ன ஆயில் ஊற்றினேன் என்று கேட்டார். டப்பாவைப் பற்றிச் சொன்னேன். தலையில் அடித்துக்கொண்டார். அது ஸ்கூட்டர் ஆயிலாம். பொம்பளை வந்து கேட்கவும் ஸ்கூட்டருக்குத்தான் என்று நினைத்துக் கடைக்காரரும் சும்மா இருந்திருப்பார்.

ஸ்கூட்டரில் கிளட்ச் தனியாக இருக்குமாம். நம் பைக்கில் கிளட்ச் தட்டுகள் இஞ்சின் ஆயிலிலேயே முங்கிக் கிடக்கின்றன. அவை ஒன்றையொன்று இறுகப் பிடித்தால்தான் சக்கரத்துக்கு இழுவை கிடைக்கும்; நான் ஊற்றிய ஆயிலில் அவை வழுக்கிவிட்டன. "பைக்குக்குக் கொஞ்சம் உரசல் வேணும் மதினி. உரசாம வண்டி நகராது" என்றார். டப்பாவின் பின்னால் எம்.ஏ. என்று போட்டிருப்பதுதான் நம் வண்டிக்கு, எம்.பி. என்பது ஸ்கூட்டருக்கு. வண்டியோடு வந்த புத்தகத்தில் ஆயிலின் கெட்டிக்குப் போட்டிருக்கும் எண்ணும் டப்பாவில் இருக்க வேண்டும். எழுதி அலமாரிக் கதவில் ஒட்டிவைத்திருக்கிறேன்.

இருந்ததை வடித்து, சரியானதை ஊற்றி, கொஞ்சம் ஓட்டி, மறுபடியும் வடித்து ஊற்றினார். தட்டுகள் கருகவில்லை. மேம்பாலம் வரை அவரே ஓட்டிப் பார்த்துவிட்டு வந்து, இஞ்சினுக்கு ஒன்றுமில்லை என்றார். நான் அங்கேயே உட்கார்ந்து அழுதுவிட்டேன்.

"எதுக்கு மதினி அழுவுறீக? நல்லதுன்னு நெனச்சுத்தான ஊத்துனீக. தெரியாம செஞ்சதுக்கு யாரு என்ன சொல்லப் போறாக?"

அவர் வண்டியைத்தான் சொன்னார். என் காதில் விழுந்தது வேறு. அன்றைக்குக் காலையில் நெஞ்சு பிசைகிறது என்றீர்கள். வாயுவாக இருக்கும் என்று ஓமத்தண்ணி காய்ச்சிக் கொடுத்தேன். லீவு போட்டுப் படுங்கள் என்று சொல்லிவிட்டு நான் மினிபஸ் ஏறினேன். மத்தியானம் கம்பெனிக்கு ஆள் வந்தது, மாரடைப்பில் நீங்கள் போய்விட்டீர்கள் என்று. அதையும் நல்லது என்று நினைத்துத்தானே கொடுத்தேன் மாமா? வண்டிக்கு வடித்துவிட்டு மாற்றி ஊற்ற முடிந்தது. உங்களுக்கு நான் என்ன செய்வேன்? இதை இதுவரை என் அண்ணனிடம்கூடச் சொன்னதில்லை. இன்றைக்குச் சொல்லிவிட்டேன். நீங்கள் கோபித்துக்கொண்டாலும் பரவாயில்லை, கேட்டால் போதும்.

வண்டியைக் கொடுப்பதில்லை என்று அண்ணனிடம் சொல்லிவிட்டேன். உங்களுக்கு ஒரு சத்தியமும் செய்கிறேன். இனி நம் தெருவில் யார் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாலும் நான் ஓமத்தண்ணிக்கு அடுப்பைப் பற்றவைக்க மாட்டேன். அவரைப் பின்னால் ஏற்றி, விழாமல் பிடித்துக்கொள்ள இன்னொருவரையும் ஏற்றி, உங்கள் வண்டியில் நேரே பெரியாஸ்பத்திரிக்குப் போவேன்.

இப்படிக்கு,
உங்களைக் கூட்டிக்கொண்டு போகாத உங்கள் பொஞ்சாதி,
செல்வி